முதல்ல இருமினது யாரு?

பொறாமை கூடாது, கூடாதுன்னு நான் பேசிட்டே போனா நீங்க தூங்கிருவீங்க... அதனால ஒரு குட்டிக் கதை. கேளுங்க.

நூறு வருஷத்துக்கு முந்தின திருநெல்வேலி. காசநோய்க்கு அப்போ என்ன பேரு தெரியுமா? ராஜரோகம்! ஓய்வும் பாலும் நல்ல காத்துந்தான் மருந்து. ஒருத்தருக்கு வந்துட்டா டாக்டர் தேவசகாயம் வீடு தேடி வந்து கேப்பாரு, "இந்த வீட்டுல முதல்ல இருமினது யாரு?" சொல்வாங்களா? வெளியில தெரிஞ்சா பொண்ணு எடுக்க மாட்டான், கொடுக்க மாட்டான். தெருவே வாயை மூடிக்கும்.

ஒரு வீட்டுல ரெண்டு மருமக. மூத்தவ காந்திமதி, இளையவ கோமு. படுத்தது கோமு. உடனே ஜன்னலோரம் கட்டில்! வேளாவேளைக்குப் பால்! மாமியார் கையால விசிறி! காந்திமதி? அடுப்படிப் புகையில நின்னு அந்தப் பாலைக் காய்ச்சுறா. வயிறு எரியுமா, எரியாதா? பால் பொங்குதோ இல்லையோ, இவ பொங்குறா!

டாக்டர் வந்து, "கோமுவுக்கு ராஜரோகம்..."னாரு. அவ்வளவுதான். கரண்டியை வீசிட்டு வந்துட்டா காந்திமதி.

"என்னய்யா சொல்லுதிய? நகையும் அவளுக்கு, பட்டும் அவளுக்கு, வியாதியிலயும் அவதான் ராஜாவா? ஐப்பசியிலேர்ந்து நான் இருமுதேன்! எனக்கு வந்தா வெறும் இருமலு, அவளுக்கு வந்தா ராஜரோகமோ? முதல்ல இருமினது நான்தான்!"

"ஏட்டி, வாயை மூடு!"ங்கிறா மாமியார். டாக்டர் விடலை. உக்கார வச்சு, நெஞ்சுல குழாயை வச்சுக் கேட்டாரு... முகம் மாறிப்போச்சு.

"அம்மா... உங்ககிட்டேர்ந்துதான் அவங்களுக்கு வந்திருக்கு. உங்களுக்கு ரொம்ப முத்திடுச்சு."

காந்திமதி புருஷன் சங்கரலிங்கம் பதறிட்டான். "ஏன் சொல்லலை?"

"தெனமும் உங்க எலைக்குப் பக்கத்துல நின்னுதான இருமுனேன்... ஒரு நாளாவது என்னன்னு கேட்டியளா?"

அன்னிக்கே ஜன்னலோரம் இன்னொரு கட்டில் போட்டாங்க. கோமு பொழைச்சுக்கிட்டா. காந்திமதி பங்குனியில போயிட்டா.

அய்யா... அம்மா... பொறாமை நல்லதுன்னு நான் சொல்ல வரலை. ஆனா இன்னொருத்தி வியாதியைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுறான்னா, அந்த வீட்டுல எத்தனை நாளா யாருமே அவ முகத்தைப் பார்க்கலை? உங்க வீட்டுலயும் ஒருத்தி சிடுசிடுன்னு எரிஞ்சு விழுவா. பொறாமை புடிச்சவள்னு ஒதுக்கிடாதீங்க. இன்னிக்கு வீட்டுக்குப் போய் அவ பக்கத்துல உக்காருங்க. "உனக்கு என்ன செய்யுது?"ன்னு கேளுங்க... டாக்டர் வந்து கேக்குறதுக்கு முன்னாடி நீங்க கேளுங்க!