இடது முட்டி

ஹலோ… மணி பத்தே கால்தான ஆகுது? பயிற்சி பதினொண்ணு வரைக்கும்ல? என்ன பிரென்ட், பாதியிலயே போன் பண்ற?…

கோச்சா?… ஐஸ விட்டு வெளிய வரச் சொன்னாரா… ஆமா. ஆமா, புரியுது. பசங்க ஹாக்கி மட்டையால ஐஸத் தட்டி வழியனுப்பினாங்களா?… எல்லாருமா?… அப்ப சரி. வேற டீமுக்குத் தள்ளிவிட்டுட்டாங்க உன்னை.

எந்த ஊரு?… விச்சிட்டாவா! கான்ஸஸ்லயா? கார்ல மூணு நாள்ப்பா!…

நான் எங்க கத்தினேன்?… சரி, கத்தினேன்.

இல்ல, நீ கேளு. பதினொரு வருஷத்துல ஒன்பது ஊரு. இது பத்தாவது. தடுப்பாட்டக்காரன்னா நின்ன இடத்தை விட்டு நகர மாட்டான்னு சொல்லித்தான என்னைக் கட்டிக்கிட்ட?… சிரிக்காத. நம்ம பொண்ணு டெஸ்ஸா நேத்துதான் முதல் தடவையா பள்ளிக்கூடத் தோழி ஒருத்திய வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா. பேக்கரியில என்னை நிரந்தரம் பண்றேன்னு இப்பதான் சொல்லியிருக்காங்க…

ஒரு நிமிஷம். பெட்டி ஒட்டுற டேப்பு எங்க வச்சேன்… ச்சே! பாரு, உங்கிட்டப் பேசிக்கிட்டே பெட்டிய இறக்கிட்டேன். சமையல் சாமான் பெட்டி. மேல பழைய ஊருப் பேரெல்லாம் அப்படியே இருக்கு, டொலீடோன்னு எழுதி அடிச்சிருக்கு, போய்ஸின்னு எழுதி அடிச்சிருக்கு. கையில பேனா வேற…

இல்ல, அழல.

என்னது?… டீம் மாத்துறது இன்னும் முடியலையா?… டாக்டர் உன் உடம்பப் பாத்துக் கையெழுத்துப் போடணுமா? எப்போ?… மூணு மணிக்குள்ளயா. போடலன்னா?… வேண்டாம்னுடுவாங்களா…

…

இடது முட்டி பத்தி யார்கிட்டயும் மூச்சு விடலையே நீ?… நானும்தான் விடல. கிறிஸ்துமஸ்லேருந்து தினம் ஐஸ்பெட்டியில உறைஞ்ச பட்டாணிப் பையால ஒத்தடம் குடுக்கிறது நான்தான. அந்தப் பட்டாணிய இனி எவனும் திங்க முடியாது…

ம்… ஆமா. டாக்டர்கிட்ட உண்மையச் சொன்னா இங்கயே இருக்கலாம்… ஆமா, இருக்கலாம், ஆட முடியாது. தெரியும். முப்பத்தி நாலு வயசுல ஒரு முட்டி ஆறட்டும்னு எந்த டீம் காத்திருக்கும்… தெரியும்ப்பா.

விச்சிட்டாக்காரங்க இந்த வருஷம் கோப்பை வாங்குவாங்களா? யாரு சொன்னா?… ம். நீ ஒண்ணு கூடத் தூக்கினதில்ல. எனக்குத் தெரியாதா அது.

என்னைக் கேக்காத… கேக்காதன்னு சொல்றேன்ல! இதை என் தலையில கட்டாத. 'சொல்லு'ன்னா உன் ஆட்டத்த முடிச்சவ நான். 'சொல்லாத'ன்னா உன் கால முடிச்சவ நான். இன்னிக்குக் காலையில படியில பக்கவாட்டா இறங்கின. டெஸ்ஸா அதே மாதிரி இறங்கிக் காட்டி விளையாடுறா. பாத்தியா நீ?…

டாக்டர் வந்துட்டாரா? சரி… சரி, போ. போ.

…

ஹலோ? பிரென்ட், நீ போனக் கட் பண்ணல. ஹலோ?… எங்க வச்சிருக்க? அவர் பேசுறது எனக்கு நல்லாக் கேக்குது…

மடக்கச் சொல்றாரு… நீட்டச் சொல்றாரு…

வலிக்குதான்னு கேக்குறாரு.

…

பிரென்ட், அவர் கேக்குறாருல்ல?