வளையம் மூழ்கும் நேரம்

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். ஜன்னலைத் திறக்கச் சொன்னதும் ஏன், எதற்கு என்று கேட்காமல் திறந்தீர்களே, அதற்கு நன்றி. காற்றுக்காகக் கேட்கவில்லை. இறங்குதுறை கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். இந்தச் சாவியை மேசை மேல் வைத்துவிடுகிறேன். தக்கை கோத்த சாவி. பையில் இருந்தால் உட்காரும்போது தொடையில் குத்துகிறது. இடைஞ்சலாக இருந்தால் ஓரமாகத் தள்ளிக்கொள்ளுங்கள்.

நீங்கள் இந்தத் தீவுக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ரைட்டர் தம்பியும் உங்களோடு வந்தவர்தான். அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறங்குதுறைச் சுவரில் படகு கட்டுவதற்கு ஓர் இரும்பு வளையம் இருக்கிறது, தெரிகிறதா? எங்கள் ஊருக்கு அதுதான் கடிகாரம். 'வளையம் காஞ்சிருக்கு' என்றால் கடல் வற்றியிருக்கிறது. 'வளையம் நனையுது' என்றால் நீர் ஏறுகிறது. 'வளையம் மூழ்கிடுச்சு' என்றால் கடலுக்கு நடுவில் இருக்கிற மணல்திட்டு மூழ்கிவிட்டது, இனி அங்கே ஆள் நிற்க முடியாது என்று அர்த்தம். நேற்று நடக்கப் பழகிய பிள்ளைகூட இதைச் சொல்லும். இப்போது தண்ணீர் வளையத்தின் அடியைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது.

நான் என் மச்சானின் சாவைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். என் மனைவியின் அண்ணன். இறங்குதுறையிலிருந்து இந்த ஸ்டேஷன் வாசல் வரை அவர் முகம் ஒட்டாத சுவர் இல்லை, நீங்களும் பார்த்திருப்பீர்கள். தீவுப் பாதுகாப்புக் குழுவின் தலைவர். தீவுக்காக உயிரைக் கொடுத்தவர் என்று படத்துக்குக் கீழே எழுதியிருக்கும். கொடுத்தார் என்பது சரியில்லை. வரிசையாகச் சொல்கிறேன். குறுக்கே கேட்டால் எனக்குக் கோர்வை அறுந்துவிடும், பிறகு ரைட்டர் தம்பிதான் அடித்து அடித்து எழுத வேண்டியிருக்கும்.

எனக்கு மைக்செட் தொழில். கடைத்தெருவில் கடை. ஒலிபெருக்கி, விளக்கு, மேடை எல்லாம் வாடகைக்குத் தருவேன். மச்சான் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். பகலெல்லாம் சிமெண்டு விற்றுவிட்டு, சாயங்காலம் சிமெண்டுக்கு எதிராக மேடையில் முழங்குவார். ஊர் அதற்கும் கைதட்டியது. குரல் அப்படி. ஆனால் அந்தக் குரல் மேலே போனால் பிசிறடிக்கும். பிசிறடிக்காமல் மைக்செட்டின் திருகைத் திருப்பி அதை ஏற்றி இறக்கியது மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என் கை. அவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், எந்த இடத்தில் மனசாரப் பேசுகிறார், எந்த இடத்தில் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார் என்பது அவருக்கே தெரியாது, எனக்குத் தெரியும்.

அந்த மணல்திட்டு இருக்கிறதே, பெரிய அலையெல்லாம் அதில் மோதி உடைந்துதான் கரைக்கு வரும். அது இல்லாவிட்டால் எங்கள் தெருக்கள் தாங்காது. கம்பெனிக்காரர்களுக்கு விடுதி கட்ட இடம் போதவில்லை. திட்டைத் தோண்டி அந்த மண்ணைக் கொட்டிக் கரையை அகலப்படுத்தப் பார்த்தார்கள். நாங்கள் தடுத்தோம். பாதி நேரம் தண்ணீருக்குள் கிடப்பது நிலமே இல்லை, அதில் உங்களுக்கு என்ன பாத்தியதை என்று கேட்டார்கள். கூட்டத்தில் ஆளுக்கொன்று பேசினார்கள். அன்று நான்தான் கடையில் ஒரு பழுதான ஒலிபெருக்கிப் பெட்டியைக் கழற்றிப் போட்டுக்கொண்டே யோசித்துப் பதில் எழுதினேன்: 'திட்டும் தீவுதான்.' இரண்டே சொல். மறுநாள் மச்சான் மேடையில் முழங்கினார், மூன்றாம் நாள் குழந்தைகள் தெருவில் கத்திக்கொண்டு ஓடின. யார் எழுதியது என்று இப்போது யாரைக் கேட்டாலும் மச்சான் பேரைத்தான் சொல்வார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பதிவாகட்டும் என்று சொன்னேன்.

ஒரு நாள் மத்தியானம் மச்சான் கடைக்கு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பவர், உட்கார்ந்த பிறகும் அந்த முழங்காலைத் தடவிக்கொண்டே இருப்பார்.

"மாப்பிள்ள, முழுசா எதிர்த்தா முழுசும் போயிடும் போலருக்கு. பாதித் திட்ட விட்டுக் குடுத்துடலாம்னு பாக்குறேன். குழாத்தண்ணி தர்றாங்க, ஆஸ்பத்திரி தர்றாங்க. நாளைக்குக் கையெழுத்து."

"எந்தப் பாதி மச்சான்?"

"வா, காட்டுறேன்."

என் படகில்தான் போனோம். கம்பெனியின் அளவைப் படகு காலையிலேயே ஆட்களைக் கொண்டுவந்து இறக்கி, திட்டில் வரிசையாகச் சிவப்புத் துணி கட்டிய கம்பிகளை நட்டுவிட்டுப் போயிருந்தது. மச்சான் இறங்கி, சாய்ந்து சாய்ந்து நடந்து, நடுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேடையில் விரிப்பது மாதிரியே கையை விரித்தார். "இதுக்கு அந்தப் பக்கம் அவங்களுக்கு, இந்தப் பக்கம் நமக்கு" என்றார். அண்ணன் தம்பி சொத்துப் பிரிப்பது போல அவ்வளவு லேசாகச் சொன்னார். நான் படகிலிருந்து இறங்கவில்லை. இஞ்சினைப் போட்டேன்.

அவர் சிரித்தார். "டேய் மாப்பிள்ள, வெளயாட்டு போதும்டா." நான் விளையாடவில்லை. கூப்பிடு தூரத்தில் நிறுத்திவிட்டு, என்னுடைய நியாயத்தைச் சொன்னேன். 'திட்டும் தீவுதான்னு மனசாரச் சொல்லுங்க மச்சான், வந்து ஏத்திக்கறேன்' என்றேன். இதைவிட ஒரு மனிதனுக்கு எப்படி வாய்ப்புக் கொடுப்பது? அவர் சொன்னார். முதலில் சிரித்துக்கொண்டு சொன்னார், பிறகு கோபமாகச் சொன்னார், தண்ணீர் முழங்காலுக்கு வந்த பிறகு திரும்பத் திரும்பச் சொன்னார். குரலில் உண்மை இல்லை, ஐயா. இத்தனை வருடம் அந்தக் குரலைக் கையில் வைத்திருந்தவன், எனக்குத் தெரியாதா? கடைசியாக, "என் தங்கச்சிக்கு என்னடா பதில் சொல்லுவே?" என்று கேட்டார். அது மட்டும் உண்மையான குரல். பிசிறே இல்லை.

நான் படகை எடுத்தேன், அவ்வளவுதான். அவரை நான் தொடவில்லை. நீர் ஏறுவது கடலின் வேலை.

வீட்டுக்கு வந்து குளித்தேன், சாப்பிட்டேன். அண்ணனைக் காணோம் என்று என் மனைவி பதறியபோது நானும்தான் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு தேடினேன். மறுநாள் கரை ஒதுங்கினார். முந்தின நாள் திட்டுப் பக்கம் போனது அளவைப் படகுதான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கம்பெனிக்காரன்தான் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்துவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. நான் எதையும் சொல்லவில்லை, எதையும் மறுக்கவும் இல்லை. அந்தப் படகின் ஓட்டுநர் இன்னும் உள்ளே இருக்கிறார். இரண்டும் பெண் குழந்தைகளாம். போராட்டம் என்று வந்தால் ஒன்றிரண்டு பேருக்குக் கஷ்டம் வரத்தான் செய்யும்.

பலனைப் பாருங்கள். எத்தனை மனு கொடுத்தோம், எத்தனை கூட்டம் போட்டோம், நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே ஒரு பிணம் ஒதுங்கியது, நாடே வந்து இறங்கியது. கேமரா, தலைவர்கள், நீதிமன்றத் தடை எல்லாம் வந்தது. கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போனது. உயிரோடிருந்த மச்சான் பாதித் திட்டை விட்டார், செத்த மச்சான் முழுத் திட்டையும் மீட்டார். அவரை அவர் பேச்சுக்கு உண்மையானவராக ஆக்கியது நான்தான். இதற்கு என்னை நீங்கள் உள்ளே போடலாம், வெட்கப்படச் சொல்லாதீர்கள். மன்னிப்புக் கேட்க நான் இந்தப் படி ஏறவில்லை.

வளையம் பாதி நனைந்துவிட்டது பார்த்தீர்களா. இன்றைக்கு நீர் கொஞ்சம் வேகம்.

அப்புறம் ஏன் இன்றைக்கு வந்து சொல்கிறாய் என்பீர்கள். நியாயமான கேள்வி. மச்சான் செத்த இடத்தைப் பார்க்க ஜனம் வர ஆரம்பித்தது. முதலில் பூ வைத்துவிட்டுப் போனார்கள். பிறகு வந்தவர்களுக்கு டீக்கடை, தங்க அறை, கழிப்பறை, வண்டி நிறுத்த இடம். படகு விடுகிறவன் இரண்டு படகை ஐந்தாக்கினான். கிணறுகளில் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. கம்பெனிக்காரன் ஒருத்தன் வந்திருந்தால் கல்லெறிந்து விரட்டியிருப்போம், மச்சான் பேரைச் சொல்லி வருகிறவனுக்கு நாற்காலி போட்டு உட்கார வைக்கிறோம்.

குழுவுக்கு இப்போது என் மனைவிதான் தலைவி. அண்ணனுக்கு மணிமண்டபம் கட்டப் போகிறாள். எங்கே என்று நினைக்கிறீர்கள்? திட்டின் மேலேயே. கடலுக்குள் தூண் இறக்கி, கரையிலிருந்து பாலம் போட்டு, நடுவில் கையை விரித்து நிற்கிற சிலை. நாளைக்கு அடிக்கல் நாட்டு விழா. என் கடையிலிருந்துதான் மைக்செட். கம்பெனிக்குப் போக இருந்தது பாதித் திட்டு, என் மனைவி கேட்பது முழுத் திட்டு. சிலையின் பீடத்தில் 'திட்டும் தீவுதான்' என்று வெட்டி, கீழே மச்சான் பேரைப் போடப் போகிறார்கள். மாதிரிக் கல்லை வீட்டு வாசலிலேயே சாத்தி வைத்திருந்தார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் செருப்புப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.

எடுத்துச் சொல்லாமல் இல்லை. தூண் இறக்கினால் மணல் தங்காது, மணல் போனால் தெரு போகும் என்று மாசக்கணக்காகச் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணன் செத்த எடம்ங்க அது."

"அதனாலதான் சொல்றேன். அந்த எடத்த விட்டுடு."

"உங்களுக்கு எங்க அண்ணன் மேல எப்பவுமே ஒரு இது."

அது என்ன 'இது' என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்படி எதுவும் கிடையாது. இருந்திருந்தால் இத்தனை வருடம் அவர் குரலை நான் ஏன் காப்பாற்ற வேண்டும்?

யோசித்துப் பார்த்தேன். தியாகி இருக்கிற வரைக்கும் மண்டபம் இருக்கும். அவர் தியாகி இல்லை, மறுநாள் கையெழுத்துப் போட இருந்தவர் என்று தெரிந்துவிட்டால் எந்தக் கூட்டம் வரும்? யார் சிலை வைப்பார்கள்? அதனால்தான் ஒப்புக்கொள்வது என்று முடிவெடுத்தேன். தூக்கே போட்டாலும் சரி, தீவு மிஞ்சும். ஆனால் ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் கட்டிய மனைவிக்குத் தெரிய வேண்டும். அதுதானே மரியாதை. இன்று காலையில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உங்களிடம் சொன்ன மாதிரியே, ஒன்றும் மறைக்காமல்.

அவள் அழவில்லை. "அண்ணன் கடைசியா என்ன சொன்னாரு?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். பிறகு, "இப்பத்தான் கட்டாயம் கட்டணும். நீங்க ஜெயில்லேருந்து பாக்குற ஒசரத்துக்குக் கட்டுவேன்" என்றாள். இதற்கு நான் என்ன செய்ய முடியும், ஐயா? அவர் தியாகியாக இருந்தாலும் கட்டுவாள், இல்லாவிட்டாலும் கட்டுவாள். நான் ஒருத்தன் உண்மையைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

அவள் இப்போது எங்கே என்று கேட்கிறீர்கள். கேட்டாகிவிட்டதால் சொல்கிறேன். நாளைய விழாவுக்கு அடிக்கல் இடத்தைக் கொடி நட்டுக் குறித்து வைக்க வேண்டும், என்னைத் திட்டில் கொண்டுபோய் விடுங்கள் என்று காலையில் அவள்தான் கேட்டாள். வளையம் காய்ந்திருந்த நேரம். அங்கே வைத்துத்தான் அவளிடம் பேசினேன். அண்ணன் நின்ற அதே இடத்தில் கொடியை ஊன்றிக்கொண்டு நின்றாள், கட்டுவேன் என்ற அந்த வார்த்தையைச் சொன்னாள். நான் படகை எடுத்தேன், அவ்வளவுதான்.

பதற வேண்டாம், உட்காருங்கள். ரைட்டர் தம்பி எங்கே ஓடுகிறார்? என் படகு துறையில்தான் நிற்கிறது. அதன் சாவி உங்கள் டீ கிளாசுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் உங்கள் முன்னால் வைத்தேன். நீங்கள்தான் என்ன சாவி என்று கேட்கவில்லை, ஓரமாகத் தள்ளினீர்கள். வளையத்தைக்கூடக் காட்டிக்கொண்டேதான் இருந்தேன். இப்போது அது தெரியவில்லை.

"பொண்டாட்டியக் கடல்ல விட்டுட்டு வந்து டீ குடிக்கிறியாடா" என்று கத்துகிறீர்கள். கத்துங்கள், பரவாயில்லை. ஆனால் அதை மட்டும் அப்படி எழுதிவிட வேண்டாம். அவளை நான் கடலில் விடவில்லை, ஐயா. திட்டும் தீவுதான்.