குட்டிக்குப் பத்திரமான தோட்டம்

நாய்க்குட்டி எதையும் முதலில் வாயில் போட்டுத்தான் பார்க்கும். அதனால் அரளியை வெட்டிவிட்டேன். மதில் ஓரம் நானே நட்டு வளர்த்த செடிகள். காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் தம்பி ரூஃபஸ் சொன்னான், சாயங்காலம் அவன் திரும்பும்போது வேர்கூட மிச்சமில்லை. மதிலடியில் பெருச்சாளி தோண்டிய ஓட்டைகளைச் செங்கல் வைத்து அடைத்தேன். கண்ணாடித் துண்டெல்லாம் பொறுக்கினேன். ஐயா, அல்வாலில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள், மெட்டில்டா எந்த வேலையையும் அரைகுறையாக விடமாட்டாள் என்பார்கள்.

சின்னசாமியை நீங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அதைச் சொல்லத்தான் வந்தேன். ரயில்வே ஒர்க்ஷாப்பில் தச்சு வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அவர் போட்ட கிணற்று மூடியில் ஒரு குறையும் கிடையாது. அவரை இங்கே போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. செய்யாத தப்புக்கு ஒருவர் பழி சுமப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அப்பாவும் அம்மாவும் போனபின் ரூஃபஸை வளர்த்தது நான். எனக்கு வந்த வரன்களையெல்லாம் அவன் படிப்பு முடியட்டும் என்று திருப்பி அனுப்பினேன். பிறகு வரன்கள் வருவதே நின்றுவிட்டது. அவனும் நாற்பதை நெருங்கும்வரை கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. அந்த வருஷங்களில் அவனிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான், ஒரு நாய். பகல் முழுக்க வீட்டில் தனியாக இருப்பவள் நான். "தோட்டத்துல பாழுங்கிணறு கெடக்குல்லாக்கா, விழுந்துட்டா பாவம்லா" என்பான். நியாயமான காரணம். ஒவ்வொரு தடவையும் ஒத்துக்கொண்டேன்.

அப்புறம் லோயிஸ் வந்தாள். சர்ச் பாடகர் குழுவில் பாடுகிற பெண், செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி முதல் மழை விழுவதற்குள் திருமுல்கேரியில் ஒரு மிலிட்டரி ஆபீஸர் வீட்டிலிருந்து அல்சேஷன் குட்டி வந்துவிட்டது. அவள் கேட்கக்கூட இல்லை. யார் வீட்டு நாயையோ நின்று கொஞ்சினாளாம், அவ்வளவுதான். தோட்டத்தைக் குட்டிக்குப் பத்திரமாக்கும் பொறுப்பு எனக்கு. நீங்கள் செய்தால் சரியாக இருக்கும் என்றான் ரூஃபஸ். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்.

சுற்றுச்சுவர் இடிந்து தரையோடு தரையாகிவிட்ட கிணறு அது. ரூஃபஸின் கம்பெனியில் வெளிநாட்டு மெஷின்கள் வந்திறங்கும் பெட்டிகளை உடைத்து ஊழியர்களுக்கு மலிவாகக் கொடுப்பார்கள். அங்கே வேலை பார்ப்பவர்கள் வீடுகளில் அலமாரி, கட்டில் எல்லாம் அந்தப் பெட்டி மரம்தான். பார்க்க அழகு, மழைக்குத் தாங்காது. மூடிக்கென்று ரூஃபஸ் வாங்கிவந்த அந்தப் பலகையைச் சின்னசாமி தட்டிப் பார்த்துவிட்டு, இது மேலே பரப்ப மட்டும்தான் ஆகும் என்று சொல்லி, அடியில் குறுக்கே இரண்டு தேக்குக் கட்டைகள் கொடுத்தார். மேலே ஏறிக் குதித்தும் காட்டினார்.

லோயிஸின் தம்பி கல்யாணத்துக்கு அவர்கள் இருவரும் மெட்ராஸ் போயிருந்தபோது, நான் பலகைகளைப் பெயர்த்துத் தேக்குக் கட்டைகளை உருவி எடுத்துவிட்டு, பலகைகளை மட்டும் பழையபடி வைத்து ஆணி அறைந்தேன். அவை கரைக்குக் கரை எட்டும் நீளம். கட்டைகள் கோழிக்கூண்டுக்கு வேண்டியிருந்தன. பொய்யில்லை, கூண்டை நீங்கள் வந்து பார்க்கலாம். மூடி போட்டது குட்டிக்காக. குட்டியின் கனத்துக்கு அந்தப் பலகை தாராளம்.

பூசணிக் கொடியை அதன்மேல் படரவிட்டதும் நான்தான். மூடி பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று லோயிஸே ஒருநாள் சொல்லியிருந்தாள். எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் வீட்டில் விளைந்ததைக் கொண்டுபோய்ப் படைப்போம். ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம் நடக்கும். வருஷா வருஷம் நான் ஒரு பூசணிக்காய் வைப்பேன். யார் எவ்வளவு ஏற்றிவிட்டாலும் விடாமல் கேட்டு ரூஃபஸ் அதை எடுத்து, சபையார் எல்லோரும் பார்க்க என் கையில் கொடுப்பான். அந்த ஒரு நாளுக்காக வருஷம் முழுக்கக் காத்திருப்பேன். அதை அவனிடம் சொன்னதில்லை.

இந்த வருஷம் காய் பிஞ்சாக இருக்கும்போதே, "லோயிஸ் கொண்டு வரட்டும்க்கா. அவளே பறிச்சு அவளே வைக்கட்டும்" என்றான். சரி என்றேன். மூடியின் நடுவில் இருந்த பிஞ்சை விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளிப் போட்டேன். ஒரு காயை விட்டால்தான் அது நன்றாகப் பெருக்கும். தோட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். மிச்ச வேலையை மழை பார்த்துக்கொண்டது.

பண்டிகைக்கு முதல் நாள் ரூஃபஸ் வாழைமரம் கட்ட சர்ச்சுக்குப் போயிருந்தான். நான் பறித்துத் தரட்டுமா என்று கேட்டேன். கேட்டேன், ஐயா. "நக்கோ மதினி, நானே எடுத்துக்கறேன்" என்றாள். இந்த ஊர்ப் பேச்சு அவளுக்கு அப்படித்தான் கலந்து வரும். கத்தியை எடுத்துக் கொடுத்தேன். கிணற்றோரம் போய் நின்றவள் திரும்பி, "காய் நடுவுல இருக்கே மதினி, மேல ஏறலாமா?" என்றாள்.

குட்டி அப்போது மூடியின் ஓரத்தில் இலைகளுக்குள் சுருண்டு படுத்திருந்தது.

"அவன் தெனமும் அங்கதான தூங்குதான்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை.

பலகை முறிந்ததும் குட்டி துள்ளிக் கரைக்கு வந்துவிட்டது. அவள் உள்ளிருந்து மதினி, மதினி என்று கூப்பிட்டாள். தெளிவாகக் கேட்டது. குட்டி ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது. மண் சரிந்து அதுவும் விழுந்துவிடுமோ என்று பயந்து, தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். பால் வைத்தேன், குடிக்கவில்லை. துணி காயப்போடும் கயிறு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நல்ல நைலான் கயிறு, அவள் கனத்தைத் தாங்கியிருக்கும். அது எனக்கு அப்போதே தெரியும். கூப்பிடுவது நின்ற பிறகு பக்கத்து வீட்டு மரியபுஷ்பத்தைச் சத்தம் போட்டு அழைத்தேன்.

இன்று காலை ரூஃபஸ் கோழிக்கூண்டின் முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தான். எழுந்து வந்து, "கெளம்புங்க" என்றான். அக்கா என்று சொல்லவில்லை. துக்கத்தில் மறந்திருப்பான். ஸ்கூட்டரில் இங்கே வரும் வழியெல்லாம் நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்த ஸ்கூட்டரில் நான் உட்கார்ந்தது இன்றுதான்.

என்னை இறக்கிவிட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். பெட்ரோல் போடப் போயிருப்பான். நீங்கள் எழுதி முடித்ததும் எங்கே கையெழுத்துப் போடவேண்டுமென்று காட்டுங்கள், அவன் வந்து வெளியே காத்திருக்கக் கூடாது. அவனுக்கு என்மேல் கோபமெல்லாம் இருக்காது, ஐயா. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எப்போதுமே யாரும் இருந்ததில்லை.