நாலாவது நாற்காலி

அரங்கில் விளக்கு அணைந்ததும் ஜனங்கள் ஏன் இருமுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. வெளிச்சத்தில் இருமக் கூடாது என்று யாரும் தடை போடவில்லை. ஆனாலும் இருட்டானால் போதும், அத்தனை பேருக்கும் தொண்டை கரகரக்கும். அன்றைக்கும் இருமினார்கள், கூடவே கைதட்டினார்கள். அதில் இன்னொரு சத்தம் அமுங்கிப்போனது. நீங்கள் கேட்கிற இடத்துக்குத்தான் வருகிறேன், அவசரப்படாதீர்கள்.

கல்லூரியில் நாங்கள் நாலு பேர். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டதால் சோடா என்று பெயர் வாங்கியவன் ஒருவன். பிற்பாடு பல் டாக்டர் ஆனவன் ஒருவன், பேங்க் மேனேஜர் ஆனவன் ஒருவன். நாலாவது நான். படிப்பைப் பாதியில் விட்டு லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். படிக்கிற காலத்தில் நாலு பேரும் சேர்ந்து நாடகம் போட்டோம், பிறகு அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டோம். வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை.

சோடாதான் எல்லோரையும் தேடிப்பிடித்துக் கூட்டினான். பழைய நண்பர்கள் மறுபடி சந்தித்து, வாழ்ந்தது சரிதானா என்று தங்களையே கேட்டுக்கொள்கிற மாதிரி ஒரு நாடகம் எழுதி வைத்திருந்தான். நடிக்க மூன்று பேர். அவனும் டாக்டரும் மேனேஜரும்.

"லைட்ட நீ பாத்துக்கடா. உன்ன விட்டா எனக்கு வேற யாரு இருக்கா" என்றான் என்னிடம்.

எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கறுவிக்கொண்டு போனவன் இல்லை.

நாடகத்தில் மேடை மேல் நாலு நாற்காலி. மூன்றில் ஆட்கள், ஒன்று காலி. அந்தக் காலி நாற்காலிக்காரன் செத்துப்போய்விட்டான். அவனைப் பற்றிப் பேசிப் பேசித்தான் மற்ற மூன்று பேருக்கும் தங்கள் வாழ்க்கை விளங்குகிறது. செத்தவன் என்ன வேலை செய்தான் தெரியுமா? லிஃப்ட் மெக்கானிக். "ஆயுசு பூரா மேல போனான், கீழ வந்தான். எங்கயும் போய்ச் சேரல" என்று மேனேஜர் ஒரு வசனம் சொல்வான். அந்த இடத்தில் சிரிப்பு வரும் என்று சோடா கணக்குப் போட்டு எழுதியிருந்தான். அவன் கணக்கு தப்பவில்லை.

ஒரு நாள் ஒத்திகைக்கு என் மனைவி வந்திருந்தாள். அந்த வசனத்துக்குச் சிரித்தாள். முடிவில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வீட்டுக்கு நடந்து வரும்போது, "உங்களப் பத்தித்தானே எழுதியிருக்காரு" என்றாள்.

"ஆமா."

"எவ்வளவு நல்லாப் புரிஞ்சு வச்சிருக்காரு. எனக்கே அழுகை வந்துருச்சு."

நான் பக்கத்தில்தான் நடந்துகொண்டிருந்தேன். கையில் அவளுடைய பையைக்கூட நான்தான் வைத்திருந்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை. செத்தவனுக்காக அழுதாள். அது எனக்கு வலித்தது, வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வலித்ததால் செய்தேன் என்று நீங்கள் எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன். நான் நாடகத்துக்காகச் செய்தேன்.

அந்த நாடகத்துக்கு முடிவு சரியில்லை. மற்ற இருவரும் இடப்பக்கமாகப் போன பிறகு சோடா தனியாகக் காலி நாற்காலியைப் பார்த்துப் பேசுவான். "நல்லவேளை நீ வரல. வந்திருந்தா உங்கிட்ட என்ன பேசறதுன்னு எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்பான். விளக்கு அணையும். அவ்வளவுதான்.

மறுநாள் அவனிடம் போய்ச் சொன்னேன். அவன் சாகவில்லை என்று வைத்துக்கொள், கடைசியில் கதவைத் திறந்துகொண்டு வருகிறான், பேசாமல் அந்த நாற்காலியில் உட்காருகிறான், அதோடு விளக்கை அணைப்போம் என்றேன். வசனம்கூட வேண்டாம், நானே வந்து உட்கார்ந்துவிடுகிறேன் என்றேன். அவன் என் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தான்.

"நீ வந்து நின்னா கத புஸ்ஸுனு போயிரும்டா. செத்தாத்தான் உனக்கு மரியாதை."

டாக்டரும் சிரித்தான், மேனேஜரும் சிரித்தான். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. ஒரே ஒரு யோசனை மட்டும் சொன்னேன். கடைசி வசனத்துக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசு, கண் கலங்குவது முன்வரிசைக்குத் தெரியும் என்றேன். அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கண்ணாடியை நாற்காலி மேலேயே வைத்துவிட்டுப் போவதாகவும் அவனே சேர்த்துக்கொண்டான்.

இப்போது டேப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். விளக்கு அணைந்தால் மேடையில் கை நீட்டினால் கை தெரியாது. நடிகன் முட்டாமல் வெளியேறுவதற்காக, இருட்டில் மினுங்குகிற டேப்பைத் துண்டு துண்டாக வெட்டித் தரையில் ஒட்டிவைப்போம். அதன் மேலேயே கால் வைத்து நடந்தால் பக்கத்திரைக்குப் பின்னால் போய்விடலாம். சோடாவுக்குக் கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரியாது என்பதால் அவன் வழிக்கு மட்டும் பெரிய துண்டுகளாக வெட்டி ஒட்டினேன். ஒத்திகையில் அவன் நடந்து வந்து இருட்டில் என் கையைப் பிடித்துக்கொள்வான். "உன் டேப்ப நம்பித்தான்டா கால வைக்கிறேன்" என்பான். நம்பினான், அது உண்மை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

வலப்பக்கத் திரைக்குப் பின்னால், நான் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், தரையில் ஒரு பெரிய மூடி உண்டு. அடியில் இருக்கிற அறையிலிருந்து மேஜை நாற்காலிகளை மேலே தூக்குவதற்கான வழி. கீழே சிமெண்டுத் தரை. மூடி கிறீச்சிடும் என்பதால் கீலுக்குக் கிரீஸ் போட்டுவைத்தேன்.

என் தொழிலில் முதல் பாடம் ஒன்றுதான். லிஃப்ட் வந்து நிற்காத மாடியில் கதவு திறக்கக் கூடாது. அப்படித் திறந்தால் வெறும் பள்ளம், ஆள் காலி. நான் பார்த்துக்கொண்ட கட்டடங்களில் ஒரு கதவுகூட அப்படித் திறந்தது கிடையாது, கம்பெனியில் விசாரித்துப் பாருங்கள். அன்றைக்கு நான் திறந்ததும் கைதவறித் திறந்தது இல்லை.

இடைவேளையில் டேப்பை உரித்து வழியை மாற்றி ஒட்டினேன், மூடியின் மேலாகப் போகும்படி. அவன் கடைசி வசனம் பேசும்போது மூடியைத் தூக்கிச் சாய்த்துவைத்தேன். பள்ளத்துக்கு அப்பாலும் சில துண்டுகள் மினுங்கின, அதனால் வழி அறுந்த மாதிரி தெரியாது. அவன் "தெரிஞ்சிருக்காது" என்றான். நான் விளக்கை அணைத்தேன். இருமினார்கள், தட்டினார்கள். அவன் இருட்டில் கையை என் பக்கம் நீட்டியபடி வந்தான். நான் தள்ளவில்லை. கையை நீட்டவில்லை, அவ்வளவுதான்.

ஆமாம், அவன் விழ வேண்டும் என்றுதான் செய்தேன். செத்துப்போவான் என்றும் தெரியும். உயிரோடு இருக்கிறவனைச் சாகடித்து அவன் கைதட்டல் வாங்கலாம், யாரும் அதைக் குற்றம் என்று சொல்லவில்லை. நான் செய்ததற்கு மட்டும் உங்களிடம் சட்டப்பிரிவு இருக்கிறது. வருத்தமா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். இல்லை. மூன்றாவது தடவையும் இல்லை.

பிறகு விளக்கைப் போட்டேன். டாக்டரும் மேனேஜரும் கும்பிடுவதற்காக இடப்பக்கமிருந்து வந்து, சோடாவைக் காணாமல் திருதிருவென்று விழித்தார்கள். நான் திரையை விலக்கிக்கொண்டு வலப்பக்கமிருந்து மேடைக்குப் போனேன். கண்ணாடியை ஓரமாக எடுத்துவைத்துவிட்டு நாலாவது நாற்காலியில் உட்கார்ந்தேன். செத்தவன் வந்துவிட்டான் என்று ஜனங்களுக்கு உடனே புரிந்தது. நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும், கூரை அதிர்ந்தது. முடிவு என்றால் அதுதான் முடிவு. சோடா சொன்ன மாதிரி கதை புஸ்ஸென்று போகவில்லை.

இரண்டாவது வரிசையில் என் மனைவி எழுந்து நின்றாள். இரண்டு கையையும் தூக்கியிருந்தாள், முகமெல்லாம் கண்ணீர். நான் விலக்கிவிட்டு வந்த திரை வழியாகத் திறந்து சாய்ந்து நின்ற மூடியைப் பார்த்ததாகவும், பல் டாக்டரைக் கூப்பிட்டு அலறத்தான் எழுந்ததாகவும் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். பயத்தில் ஏதோ சொல்கிறாள், விடுங்கள். மேடையில் உட்கார்ந்திருந்தவன் நான். அவள் யாருக்காக அழுதாள் என்று எனக்குத் தெரியாதா?