ராஜா மகால் வாசலில் கழற்றிய செருப்பு

திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். "ராஜாவே செத்துப்போயிட்டாரு, இனி யாருக்கும்மா தீட்டுன்னாரு" என்று மூத்தவள் சொன்னதில் என் தூக்கம் கலைந்தது.

"யாரு அக்கா சொன்னது?" என்றாள் இளையவள்.

"சந்திரகிரி கோட்டை வாட்ச்மேன். வேலூர்லருந்து சம்பந்திங்க மொத தடவ வந்தாங்க. மாமனார் செத்து இன்னும் வருசம் முடியல. நான் திருப்பதி மலைக்கும் போகக்கூடாது, காணிப்பாக்கம் புள்ளையார் கோயிலுக்கும் போகக்கூடாது. வேற எங்க கூட்டிக்கினு போறது? ராஜாங்க இருந்த தலைநகரமாச்சேன்னு அங்க போனோம்."

"சரி."

"ராஜா மகால் வாசல்ல பழக்கதோசத்துல செருப்பைக் கழட்டிட்டேன். உள்ள பாத்தா சாமி சிலைங்க. பயமாப் போச்சு. நீங்க பாத்துட்டு வாங்க, நான் வெளியவே நிக்கறேன்னேன். சம்பந்தியம்மாவுக்கு மொகமே செத்துப்போச்சு."

"அய்யோ."

"நான் சொன்னத வாட்ச்மேன் கேட்டுக்கினே இருந்தாரு. தெலுங்குல சொன்னாரு, இது மியூசியம்மா, இந்தச் சிலைங்களுக்குப் பூசையே கெடையாது, ராஜாவே செத்துப்போயிட்டாரு, இனி யாருக்கும்மா தீட்டுன்னு. எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு."

"உள்ள போனியா?"

"மேல் மாடி வரைக்கும் ஏறுனேன். அப்புறம் எல்லாரும் புல்லுல ஒக்காந்து புளிசோறு துன்னோம்."

"செருப்ப மாட்டிக்கினுதான போன?"

"அது எப்படி? ராஜா வூடாச்சே. வெறுங்காலோடதான் போனேன். என்னப் பாத்துட்டு சம்பந்தியம்மாவும் கழட்டிட்டாங்க."