போதகர் டில்லார்டுக்குச் சாட்சி நின்ற விவரம்

பெயர் எல்பர்ட் மாசிங்கேல், வயது 47, முடிதிருத்துபவர், சீடர் தெரு, டன்மோர் கவுண்டி, அலபாமா. 1963 டிசம்பர் 3ஆம் தேதி, வாஷிங்டனிலிருந்து வந்த அரசு வழக்கறிஞரிடம் சொன்னது:

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் சபைப் போதகர் ஆம்ப்ரோஸ் டில்லார்டின் பிரசங்கத்தில் பதினோரு வருடமாக முன்வரிசையில் உட்கார்ந்து தூங்குகிறேன். குறட்டையும் உண்டு என்பது மனைவியின் புகார். அவர் கறுப்பர் பள்ளியில் ஆசிரியரும்கூட. ஓட்டுப் பதிவுப் படிவத்தை நிரப்ப கறுப்பர்களான எங்களில் நாற்பது பேருக்குச் சபையில் வகுப்பு எடுத்தார். அங்கேயும் தூங்கினேன்.

அதன் பிறகு, 1962 ஜனவரியில், எல்லோரும் பதிவு அலுவலகம் போனோம். போதகர் உட்பட அத்தனை பேரும் தோற்று, நான் மட்டும் தேறினேன். என் கடைக்கு வருபவர்கள் எல்லோரும் வெள்ளையர். பதிவு அதிகாரி ஹாஸ்கியூவுக்குச் சனிக்கிழமைதோறும் சவரம் செய்கிறேன். வேறு தகுதி எனக்கு இல்லை.

பதிவு பெற, ஏற்கெனவே ஓட்டுள்ள ஒருவர் நேரில் வந்து "இவரைத் தெரியும்" என்று சாட்சி சொல்ல வேண்டும். எனக்கு ஹாஸ்கியூவே ஒரு எழுத்தரைக் கூப்பிட்டுச் சொல்லவைத்தார். போதகருக்குச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. ஏறக்குறைய இரண்டு வருடம் சாக்குச் சொன்னேன்: கைவலி, மாமியார் சாவு. மாமியார் நலமாக இருக்கிறார்.

அதன் பிறகு, மறுபடி பதிவு அலுவலகம் போனால் ஆசிரியர் வேலை போகும் என்று பள்ளிக்குழு அவருக்கு எழுதியது. அவர் என் கடைப் பின்வாசலுக்கு வந்தார்.

"ஒரே வார்த்தை, எல்பர்ட். தெரியும்னு சொல்லு, போதும்."

"பிரசங்கத்துல கேள்வி கேப்பாங்களா, ரெவரண்ட்?"

"கேட்டா நீ தொலைஞ்ச," என்று சிரித்தார்.

நவம்பர் 18, திங்கள், காலை பத்து மணிக்கு இருவரும் மேசை முன் நின்றோம். மாடிப்படியில் அந்த வகுப்பில் இருந்த முப்பத்தெட்டுப் பேர் வரிசையில் இருந்தார்கள். போதகருக்கு ஓட்டுக் கிடைத்தால் அவர்களுக்கு அவர் சாட்சி நிற்பார்.

ஹாஸ்கியூ என்னைவிடப் பத்து வயது இளையவர். "பையா, இந்த ஆளைத் தெரியுமா உனக்கு?" என்று கேட்டுத் தாடையைத் தடவிக்கொண்டார்.

"பாத்திருக்கேன், சார்," என்றேன்.

"என் நாயைக்கூடத்தான் பாத்திருக்க. அதுக்கும் ஓட்டுக் குடுத்துரவா?"

படிவத்தில் 'நிராகரிப்பு' முத்திரை விழுந்தது. போதகர் என் கோட்டுத் தோளில் ஒட்டியிருந்த யாருடைய முடியையோ தட்டிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கினார். படியில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். மறுநாள் அவருடைய பள்ளிப் புத்தகங்கள் ஒரு பீச் பழப்பெட்டியில் சபை வாசலில் கிடந்தன.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நடந்தது இதுதான், கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை.

(ஒப்பம்) எல்பர்ட் மாசிங்கேல்

ஒப்பமிட்ட பின் வழக்கறிஞர் கேட்டதன் பேரில் சேர்த்தது: என் பதிவுக்குப் பிறகு மூன்று தேர்தல்கள் நடந்தன. ஒன்றிலும் நான் ஓட்டுப் போடவில்லை.