குளம் எண்டு எழுதும்

இல்லைப் பிள்ளை, அந்தப் பேனையை மூடி வையும். ஆவணி மாசத்திலை வந்து, மாடு மேயுறதைப் பாத்துப்போட்டுத் தரிசெண்டு எழுத நான் விடமாட்டன்.

ஓம், உங்கடை அரசாங்கக் கந்தோர் வீடு கட்டக் காணி தேடுது, விளங்குது. இடம்பெயர்ந்த சனம் பள்ளிக்கூடத்துக்கை கிடக்குது. அதுகளுக்கு வீடு வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. உந்தப் பள்ளத்துக்கை வேண்டாம். உது குளம். மாரியிலை வந்து பாரும், இடுப்பளவு தண்ணி நிக்கும். அந்தத் தண்ணி மண்ணுக்கை இறங்கினாத்தான் எங்கடை கிணறுகளிலை நல்லதண்ணி. இல்லாட்டி அடியிலை கிடக்கிற உவர் மேலை வந்திடும்.

என்ன, பழைய காணிப் படத்திலை முழுக்குளமாக் கிடக்குதோ? கிடக்கும். எண்பத்திநாலிலை உம்மைப்போல ஒருத்தர் படத்தோடை வந்தவர். வெய்யிலெண்டு ஜீப்பை விட்டு இறங்கேல்லை. தண்ணி நிக்குமோ எண்டு ஊர்ப் பொறுப்பிலை இருந்த விதானையைக் கேட்டார். நிக்காதெண்டு அவன் எழுதிக் கையெழுத்து வைச்சுக் குடுத்தான். பாதிக் குளம் தரிசாப் போச்சு. துண்டு துண்டாப் பிரிச்சுக் குடுத்து, மண்ணைக் கொட்டி ஆறு வீடு எழும்பிச்சு. மூண்டு வருசம் செல்லேல்லை, கிணறெல்லாம் உவர். மிளகாய்க் கண்டு கருகிப்போச்சு. முன்வீட்டு மகாதேவி, வயித்திலை பிள்ளையோடை, உரும்பிராய் வரைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்க் குடிக்கத் தண்ணி கொண்டு வாறாள். அந்த விதானையை மரத்திலை கட்டிவைச்சு அடிச்சிருக்க வேணும்.

ஏன் முகத்தைச் சுளிக்கிறீர்? தேத்தண்ணி கரிக்குதோ? சீனி போட்டும் போகாது. இந்த வீட்டுக் கிணறு அப்பிடித்தான்.

அவன்ரை பேரோ? தில்லைநாதன். ஓம், நீர் விசாரிச்சுக்கொண்டு வந்த அதே பேர்தான். இப்ப பென்சன் எடுத்துப்போட்டு இருக்கிறன். அந்த நேரம் மூத்தவளைக் கேட்டு வந்தவை வீடு வளவு கேட்டிச்சினம். அப்ப என்னட்டை ஒரு துண்டுக் காணியும் இல்லை. அந்த ஆறு வீட்டிலை ஒண்டு, நீர் இருக்கிற இந்த வீடுதான் அவளுக்குக் குடுத்த சீதனம்.

இப்ப பேனையைத் திறவும். உந்தப் பாதியும் குளம், நாங்கள் இருக்கிற இதுவும் குளமெண்டு எழுதும். நான் எங்கை கையெழுத்து வைக்கோணும்?